தண்ணீர் அள்ளுவது யார்?
இருதய சத்திரசிகிச்சைக்குத் தயாராகும் சகோதரிகளுக்கு

எமது பிரதேசங்களில் இருதய நோயுள்ள பெண்கள் பலர், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்த பின்னரும் போகாமல் நாட்களைக் கடத்துகின்றார்கள். பயமும் ஒரு காரணந்தான். ஆனால் ஆறுதலாக இருந்து கதைக்கும்போது வேறு கேள்விகள் வெளிவருகின்றன. நான் படுத்துவிட்டால் தண்ணீர் அள்ளுவது யார்? பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார்? மாட்டை அவிழ்த்துக் கட்டுவது யார்? கடன் தவணையைக் கட்டுவது யார்?

வன்னியில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு சமூகப் பணியாளராக வேலை செய்துவரும் நான் இந்தக் கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றேன். "வீட்டுக்குப் போய் நன்றாக ஓய்வெடுங்கள்" என்று வைத்தியசாலையில் சொல்கின்றார்கள். அது வீட்டில் இன்னொருவர் இருக்கின்றார் என்ற எண்ணத்தில் சொல்லப்படும் வார்த்தை. கணவர் இறந்தோ காணாமல் ஆக்கப்பட்டோ போன வீடுகளில் அந்த இன்னொருவர் இல்லை. எனவே எமது பெண்கள் சத்திரசிகிச்சைக்குத் தயாராவது என்பது உடலைத் தயார்ப்படுத்துவதோடு முடிவதில்லை. வீட்டையும் அயலையும் சேர்த்தே தயார்ப்படுத்த வேண்டியுள்ளது. அதை எவ்வாறு செய்யலாம் என்பதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெண்களும் இருதய வால்வும்

இருதய சத்திரசிகிச்சை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பைபாஸ். இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் அடைபடும்போது, காலிலிருந்தோ நெஞ்சுப் பகுதியிலிருந்தோ எடுத்த குழாயைக் கொண்டு மாற்றுப் பாதை அமைக்கின்றார்கள். நீரிழிவு, குருதியமுக்கம், புகையிலை ஆகியவை இந்த அடைப்புக்கு முக்கிய காரணங்கள். புகையிலை என்னும்போது வெற்றிலையோடு சேர்த்துப் போடுவதும் அதில் அடங்கும்.

ஆனால் முப்பது, நாற்பது வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது வால்வு நோய். சிறுவயதில் கிருமியால் வரும் தொண்டை நோவுக்குச் சரியாக மருந்து எடுக்காதபோது சில பிள்ளைகளுக்கு மூட்டுவாதக் காய்ச்சல் ஏற்படுகின்றது. அது இருதய வால்வைத் தாக்கி, பல வருடங்களின் பின் அதைச் சுருங்கவோ ஒழுகவோ செய்துவிடுகின்றது. ஒரே இடத்தில் பலர் நெருங்கி வாழும்போது இந்தக் கிருமி இலகுவாகப் பரவும். இடம்பெயர்ந்து கொட்டில்களிலும் முகாம்களிலும் பிள்ளைப் பருவத்தைக் கழித்த பெண்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். படியேறும்போதும், கர்ப்ப காலத்திலும், மல்லாந்து படுக்கும்போதும் மூச்சு வாங்கினால் "இரத்தம் குறைவு" என்று நாமே முடிவுகட்டாமல் எக்கோ பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது.

வால்வு மாற்றும் சிகிச்சையில் ஒரு பெண்ணின் பங்கும் இருக்கின்றது. 1960 மார்ச்சில் அமெரிக்காவில், தானே வடிவமைத்த செயற்கை மைட்ரல் வால்வை ஒரு பெண் நோயாளிக்குப் பொருத்தி வெற்றி கண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நீனா பிரோன்வால்ட் என்ற பெண் சத்திரசிகிச்சை நிபுணர். அன்று அபூர்வமாக இருந்த அந்தச் சிகிச்சை இன்று எமது அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் செய்யப்படுகின்றது.

திகதி வருவதற்கு முன்

காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். அந்த மாதங்களில் செய்ய வேண்டியவை பல உள்ளன.

பற்களைக் காட்டுங்கள். சூத்தைப் பல்லிலிருந்தும் முரசிலிருந்தும் கிருமிகள் இரத்தத்தில் கலந்து புதிய வால்வில் தங்கிவிடக்கூடும். அதனால் வால்வு சத்திரசிகிச்சைக்கு முன்னரே பற்சிகிச்சையை முடிக்கச் சொல்வார்கள். பின்னர் எப்போது பல் பிடுங்கச் சென்றாலும் "எனக்கு வால்வு மாற்றியிருக்கின்றது" என்று முதலில் சொல்ல வேண்டும்.

குருதிச்சோகை இருந்தால் இப்போதே மருந்து எடுங்கள். மாதவிடாயில் இரத்தம் அதிகம் போவதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறச் சுணங்கும். வெற்றிலையில் புகையிலை சேர்ப்பதை இன்றே விடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசைகளை எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். நாட்டு மருந்து, கசாயம் எடுத்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

யுத்தத்தில் காயப்பட்டவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய விடயங்கள் உள்ளன. உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால், அது எந்த இடத்தில் என்று முதல் நாளே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டுகளை அசைத்துவிடக்கூடும். காலில் பழைய காயம் இருந்தால், பைபாஸுக்கு அந்தக் காலில் குழாய் எடுக்கலாமா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஊன்றுகோலோடு நடப்பவர்கள் இதை மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும். நெஞ்செலும்பை வெட்டிச் சேர்த்த பின் கைகளில் முழுப் பாரத்தையும் கொடுக்க முடியாது. எப்படி எழும்புவது, எப்படி நடப்பது என்பதை இயன்மருத்துவரோடு முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும்.

பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் வால்வின் வகையைப் பற்றிக் கேட்க உரிமையுள்ளவர்கள். உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும் வார்பரின் என்ற குளிசை எடுக்க வேண்டும். அந்தக் குளிசை கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. விலங்கின் திசுவால் செய்த வால்வுக்கு அந்தக் குளிசை நீண்டகாலம் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் அது விரைவில் பழுதடையும், இளவயதினருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும். இன்னும் பிள்ளை வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்லுங்கள்.

"கணவர் இல்லை, யார் கையொப்பம் வைப்பது?" என்றும் சிலர் கேட்கின்றார்கள். சுயநினைவோடு உள்ள, வயது வந்த பெண் தனது சத்திரசிகிச்சைக்குத் தானே சம்மதக் கையொப்பம் இடலாம். தொடர்புகொள்ள ஒருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கொடுத்தால் போதுமானது. கையொப்பமிட முன்னர், விளங்காதவற்றைத் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

பண உதவி தேவைப்படுவோர் ஜனாதிபதி நிதியம் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். 2025 பெப்ரவரி முதல் விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கக்கூடியதாக உள்ளது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே இதைச் செய்வது நல்லது.

ஒரு கொப்பித் தாளில் மூன்று மாதம்

கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்கு வயது நாற்பத்தொன்று. கணவர் 2009இல் காணாமல் போனவர். வயதான தாயும் இரண்டு பிள்ளைகளும் அவரது பொறுப்பில். மூத்த மகள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள். வால்வு மாற்றுவதற்கு இரண்டு தடவை திகதி கிடைத்தது. இரண்டு தடவையும் அவர் போகவில்லை. முதலாவது கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்ததால் அதில் என்ன இருக்கின்றது என்று தெரிய வரும்போது திகதி கடந்துவிட்டது. இரண்டாவது தடவை தெரிந்தும் போகவில்லை.

"தங்கச்சி, நான் படுத்தா மூத்தவள்தான் எல்லாம் செய்ய வேணும். அவள்ர படிப்பு போயிடும். என்ர நெஞ்சுக்காக அவள்ர வாழ்க்கையைக் கெடுக்கச் சொல்லுறியளோ?" என்று என்னிடம் கேட்டார்.

அவரது பயம் நியாயமானது. தாய் நோயுற்றால் படிப்பை விட்டு அடுப்படிக்கு வருவது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான். சத்திரசிகிச்சை இலவசம் என்கின்றோம். அதன் விலையை அந்தப் பிள்ளை செலுத்தவிடக் கூடாது.

ஒரு கொப்பித் தாளை எடுத்து அவர் ஒரு நாளில் செய்யும் வேலைகள் அனைத்தையும் எழுதினோம். இருபத்திமூன்று வேலைகள் வந்தன. "இவ்வளவும் நானோ செய்யிறன்?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். பின் அவற்றை மூன்றாகப் பிரித்தோம். மூன்று மாதத்துக்கு விட்டுவிடக் கூடியவை, முன்கூட்டியே செய்து வைக்கக் கூடியவை, வேறொருவர் கட்டாயம் செய்ய வேண்டியவை. மிளகாய்த்தூள், மா ஆகியவற்றை முன்னரே இடித்து வைத்தார். விறகு கொத்தி அடுக்கப்பட்டது. இறுதியில் வேறொருவர் செய்ய வேண்டியவை ஏழு வேலைகள் மட்டுமே.

அந்த ஏழையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைத்தோம். காலைத் தண்ணீர் ஒருவர், மாலைத் தண்ணீர் ஒருவர், மாடு ஒருவர் என்று ஆறு பெண்கள் பொறுப்பெடுத்தார்கள். "சும்மா வாங்க எனக்கு ஏலாது" என்றார் அந்தச் சகோதரி. அதனால் ஒரு மாதம் கழித்து, அவர்கள் வேலைக்குப் போகும் நேரங்களில், வளர்ந்த பிள்ளைகளை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். வயலில் கைமாற்றாக வேலை செய்வது எமக்குப் புதியதல்லவே. நுண்கடன் தவணைக்கு மூன்று மாத அவகாசம் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொண்டோம்.

மூன்றாவது தடவை திகதி வந்தபோது அவர் போனார்.

கண் விழிக்கும் நேரம்

சத்திரசிகிச்சை பொதுவாக மூன்று முதல் ஆறு மணித்தியாலங்கள் நீடிக்கும். கண் விழிப்பது அதிதீவிர சிகிச்சைப் பிரிவில். தொண்டையில் சுவாசக் குழாய் இருப்பதால் அப்போது பேச முடியாது. குழாய்களை இழுத்துவிடாதபடி கைகளை மெதுவாகக் கட்டியும் வைத்திருக்கலாம். சுற்றிலும் இயந்திரச் சத்தம், வெளிச்சம். சிலருக்கு இரவா பகலா என்று தெரியாமல் மனம் குழம்பி, இல்லாதவை தெரிவதுண்டு. இது சில நாட்களில் தெளிந்துவிடும்.

பதுங்குகுழிகளில் இருந்தவர்களுக்கும், தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கும், உடலளவில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கும் கட்டப்பட்ட கைகளோடு பேச முடியாமல் விழிப்பது பழைய நாட்களைக் கொண்டுவந்துவிடலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறையும். "கைகளைக் கட்டினால் எனக்குப் பயம் வரும், முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்று தாதியரிடம் கூறி வைக்கலாம். காரணத்தைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆண் வைத்தியர் நெஞ்சைப் பரிசோதிக்கும்போது தாதி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

சிங்களம் பேசும் வைத்தியசாலைக்குப் போகின்றவர்களுக்கு நாம் ஒரு மட்டை செய்து கொடுக்கின்றோம். நோகின்றது, தண்ணீர் வேண்டும், குளிர்கின்றது, பயமாக உள்ளது, மூச்சு முட்டுகின்றது என்ற ஐந்தையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, பக்கத்தில் சிறிய படமும் கீறியிருப்போம். பேச முடியாதபோதும் விரலால் தொட்டுக் காட்டலாம்.

பன்னிரண்டு வாரங்கள்

நெஞ்செலும்பை நடுவால் வெட்டி, வேலை முடிந்ததும் உருக்குக் கம்பிகளால் கட்டிவிடுகின்றார்கள். வெளிக்காயம் சில வாரங்களில் ஆறிவிடும். உள்ளே எலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரங்கள் எடுக்கும், நன்றாக உறுதிபெறப் பன்னிரண்டு வாரங்கள் வரை செல்லும். வெளிக்காயம் மாறியதைப் பார்த்து வேலைக்கு இறங்குவதே எமது பெண்கள் பலருக்கு வரும் ஆபத்து. கால் முறிந்தவரை யாரும் வயலுக்கு அனுப்புவதில்லை. இதுவும் முறிந்து பொருந்தும் எலும்புதான்.

ஆகவே இந்தக் காலத்தில் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, குடம் தூக்குவது, விறகு கொத்துவது, இடியப்பம் பிழிவது, மா இடிப்பது, தேங்காய் திருவுவது, உடுப்புப் பிழிவது, பிள்ளையை இடுப்பில் தூக்குவது எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். சைக்கிள் ஓடினால் விழக்கூடும் என்பதால் மூன்று மாதத்துக்கு அதையும் விடுங்கள்.

பாயில் படுத்து எழும்பும்போது கைகளை ஊன்ற வேண்டிவரும். ஒரு கட்டிலை இரவல் வாங்குங்கள். பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு, பிறகு எழும்புங்கள். குந்தியிருக்கும் மலசலகூடத்துக்கு, நடுவில் வெட்டிய கதிரை ஒன்றைத் தயார் செய்யலாம். மலச்சிக்கல் வராமல் பழமும் மரக்கறியும் சேருங்கள். முக்குவது நல்லதல்ல.

இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். நோகும் என்று இருமாமல் இருந்தால் சளி கட்டிச் சுவாசப்பையில் கிருமி தொற்றும். வயர் இல்லாத, முன்பக்கம் கொளுவும் பருத்தி உள்ளாடையை அணியுங்கள். மார்பகத்தின் பாரம் காயத்தை இழுக்காமல் அது தாங்கும்.

ஓய்வு என்பது படுத்தே கிடப்பது அல்ல. முதல் வாரம் முற்றத்தில் ஐந்து நிமிடம் நடவுங்கள். ஒவ்வொரு நாளும் சிறிது கூட்டி, அரை மணித்தியாலம் வரை கொண்டுவாருங்கள். நடக்கும்போது கதைக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கணவரோடு உள்ளவர்கள், களைப்பின்றி இரண்டு மாடிப் படி ஏறக்கூடிய நிலை வந்தபின், பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில், தாம்பத்திய உறவைத் தொடரலாம். அதற்கு முன் மறுப்பது உங்கள் உரிமை.

நான் சொன்ன சகோதரிக்கு ஆறாவது வாரத்தில் ஒரு தடங்கல் வந்தது. அடைமழையில் தண்ணீர் கொண்டுவருபவர் வரவில்லை. "ஒரு வாளிதானே" என்று அவரே அள்ளினார். அன்றிரவே நெஞ்சில் பலத்த நோ. மறுநாள் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கம்பிகள் விலகவில்லை. அதன் பின்னர் வராத நாளுக்கு என்று இன்னொரு பெயரையும் கொப்பித் தாளில் எழுதினோம். எந்த ஒழுங்கிலும் பதில் ஆள் ஒருவர் தேவை.

வார்பரின் எடுப்பவர்களுக்கு

உலோக வால்வு உள்ளவர்கள் இந்தக் குளிசையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. தவறினால் வால்வில் இரத்தம் உறையும். கூடினால் உடலில் இரத்தம் கசியும். அதனால்தான் ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரு நேரம் மறந்தால் மறுநாள் இரண்டாக எடுக்க வேண்டாம். குளிசையின் நிறத்தை மட்டும் நம்பாமல் மில்லிகிராம் அளவையும் பாருங்கள்.

கீரையை முற்றாக விடத் தேவையில்லை. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றில் உள்ள உயிர்ச்சத்து கே குளிசையின் வேலையைக் குறைக்கும். எனவே ஒரு வாரம் தினமும், மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணுங்கள். நோவுக்குக் கடையில் குளிசை கேட்டு வாங்க வேண்டாம். டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். மாதவிடாய் அதிகமாகலாம், அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். கர்ப்பம் தங்கும் வாய்ப்புள்ளவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு முறை பற்றி முதலிலேயே கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரைக் காணுங்கள்.

இரவின் அமைதியில் நெஞ்சுக்குள் மணிக்கூடு ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்கலாம். உலோக வால்வு திறந்து மூடும் சத்தம் அது. பயப்பட ஒன்றுமில்லை.

மனதுக்கும் காயம் உண்டு

சத்திரசிகிச்சையின் பின் காரணமில்லாமல் அழுகை வருவதும், நித்திரை குழம்புவதும், மறதி கூடுவதும் பலருக்கும் ஏற்படுகின்றன. படுத்திருக்கும் நேரத்தில் இழந்தவர்களின் நினைவு கூடுதலாக வரும். இரண்டு வாரங்களுக்கு மேலும் மனம் தேறாவிட்டால், அல்லது வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால், கிளினிக்கிலோ உளவளத்துணையாளரிடமோ சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல் 100.4 பாகைக்கு மேல் போதல். காயம் சிவத்தல், சீழ் வடிதல். அசையும்போது நெஞ்செலும்பு 'கிளிக்' என்று சத்தமிடுதல். மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு முட்டுதல். ஓரிரு நாட்களில் இரண்டு கிலோ நிறை கூடுதல், கால் வீங்குதல். நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தல். வாய் கோணுதல், ஒரு கையோ காலோ சோர்தல், பேச்சுக் குழறுதல். மலம் கறுப்பாகப் போதல், இரத்தம் நிற்காமல் கசிதல். இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். வால்வு மாற்றிய விபரமும் குளிசை அளவும் எழுதிய கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

அயலில் உள்ளவர்களுக்கு

அந்தச் சகோதரியின் மகள் பரீட்சை எழுதினாள். தாய் நான்காவது மாதம் தானே தண்ணீர் அள்ளினார். ஆறு பெண்கள், ஆளுக்கு அரை மணித்தியாலம், மூன்று மாதம். இவ்வளவுதான் தேவைப்பட்டது.

உங்கள் அயலிலும் திகதியை ஒளித்து வைத்துக்கொண்டு இருக்கும் பெண் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் "பயப்படாமல் போங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு கொப்பித் தாளோடு போய், "உங்கட வேலையில எனக்கு எதைத் தாறியள்?" என்று கேளுங்கள்.